212 பெட்டிகளும் ராமசாமியின் பொட்டும்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மார்த்தாவின் கைப்பேசி அடித்தது. பிறை என்ற ஊரிலிருக்கும் கிடங்கிலிருந்து ராமசாமி. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவளுக்கு ஒன்று தெரியும். அவர் "ஹலோ" என்று ஆரம்பித்தால் கவலையில்லை. "தங்கச்சி" என்று ஆரம்பித்தால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

"தங்கச்சி."

மார்த்தா கோப்பிக் குவளையை மேசையில் வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே."

"இந்த நோர்மா பொண்ணு சீல் போட மாட்டேங்குது. பேப்பர்ல ஒண்ணு இருக்கு, பெட்டியில ஒண்ணு இருக்குன்னு சொல்லுது."

"பெட்டியில என்னா இருக்கு?"

மறுமுனையில் குளிர் அறையின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் பெருசா இல்ல," என்றார் ராமசாமி. "நீயே வந்து ஒருவாட்டி பாத்துடேன்."

பினாங்கு பீச் ஸ்திரீட்டில் இருக்கும் சரக்கு ஏஜென்சி ஒன்றில் காகிதங்களுக்குப் பொறுப்பு மார்த்தாதான். நாற்பத்தொன்பது வயது. சரக்கு எதுவானாலும் கப்பல் ஏறுவதற்கு முன் அவள் மேசையைத் தாண்ட வேண்டும். ரப்பர் கையுறை, மீன் தீனி, ஒரு தடவை உயிரோடு நாற்பது ஆடுகள். எதுவும் அவளை இப்படிப் பாடாய்ப் படுத்தியதில்லை. இந்த முறை சரக்கு இன்சுலின். 212 பெட்டி. போக வேண்டிய இடம் மெய்லோன் என்ற ஆற்றோர ஊர்.

மெய்லோன் எந்த நாட்டில் இருக்கிறது என்று இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. எந்தப் பெயரை எழுதினாலும் யாராவது ஒருவர் தாளைத் திருப்பி அனுப்புவார். தலைநகரத்தைப் பிடித்து வைத்திருக்கும் இராணுவம் நாட்டுக்கு ஒரு பெயர் சொல்கிறது. மெய்லோனைப் பிடித்து வைத்திருக்கும் ஆயுதக் குழு இன்னொரு பெயர் சொல்கிறது. மருந்தை வாங்கிக் கொடுக்கும் ஐரோப்பிய நாடு இரண்டு பெயரையும் எழுதி நடுவில் ஒரு கோடு போடுகிறது. சரக்குத் தாளில் நாட்டின் பெயருக்கான கட்டத்தை நிரப்பவே முதல் வாரம் போயிற்று.

இரண்டாவது வாரம் கொடியில் போனது. ஒவ்வொரு பெட்டியிலும் தன் கொடி ஒட்டியிருக்க வேண்டும் என்றது ஐரோப்பிய நாடு. கொடி இருந்தால் துறைமுகத்தை விட்டு நகராது என்றது இராணுவம். இராணுவத்தின் முத்திரை இருந்தால் ஆற்றைத் தாண்டாது என்றது குழு. ஒவ்வொருவரும் கடைசி வரியில் பொதுமக்களின் துயரம் பற்றித் தங்கள் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம் மார்த்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டியில் ஒன்றுமே வேண்டாம் என்று எழுதினாள். கொடி வேண்டாம், முத்திரை வேண்டாம், ஊர் பெயர் வேண்டாம். மருந்தின் விவரமெல்லாம் உள்ளே இருக்கட்டும், வெளியே வெறும் பழுப்பு அட்டை. சரக்குத் தாளில் 'மார்க்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. பெட்டியின் வெளிப்பக்கம் என்ன அடையாளம் இருக்கிறதோ அதை அப்படியே அதில் எழுத வேண்டும். அவள் 'நோ மார்க்ஸ்' என்று எழுதினாள்.

மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டன. சண்டை தொடங்கிய நான்கு வருடத்தில் மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லை என்பதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை.

இன்று மாலை நான்கு மணிக்கு பட்டர்வொர்த் துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்கான கதவு மூடும். அடுத்த கப்பல் பதினான்கு நாள் கழித்து.

*

பினாங்குப் பாலத்தில் வழக்கம்போல ஜாம். முன்னால் ஒரு சிமெண்ட் லோரி நகராமல் நின்றது. மார்த்தா முந்தைய நாள் வந்த குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டாள். மெய்லோனிலிருந்து அவள் தங்கை நவோமி. நர்ஸ். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கத்தோலிக்க நிவாரணக் குழுவோடு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"அக்கா, பெரியவங்களுக்கு ஊசிய கொறச்சிட்டேன். முப்பத்திரெண்டு பேரும் என்னைத் திட்டிக்கிட்டே சமாளிக்கிறாங்க. ஆனா பிள்ளைங்க பதினோரு பேருக்குக் கொறைக்க முடியாதுக்கா. கொறைச்சா போயிடுவாங்க. அடுத்த வியாழக்கிழம வரைக்கும் மருந்து இருக்கு. அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல என் ஹோம்வொர்க்க நீதானே செஞ்சி குடுப்ப. இதயும் அப்படியே செஞ்சி குடுத்துரு லா."

கப்பல் இன்று கிளம்பினால் திங்கட்கிழமை போய்ச் சேரும். அங்கிருந்து சாலை, பிறகு ஆறு. வியாழனுக்குள் போனால்தான் உண்டு.

சிமெண்ட் லோரி ஒரு முழம் நகர்ந்தது. மார்த்தா ஹாரனை அடித்தாள். பயனில்லை என்று தெரிந்துதான் அடித்தாள்.

*

குளிர் அறைக்கு வெளியே, குளிர்ப்பொதி வைத்துக் கட்டிய பெட்டிகள் அடுக்கிய சுமைப் பலகைகள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும், மூடிக்கு இரண்டு விரல் கீழே, சிவப்பாக, வட்டமாக, அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

ஒரு பெட்டி விடவில்லை.

மார்த்தா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். திரும்பி வந்தாள். ராமசாமி கம்பளிச் சட்டையின் பையில் கைகளை விட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே இது."

"பொட்டு."

"அது தெரியுது."

"எப்பவும் மொத பெட்டிக்கு வைப்பேன்ல தங்கச்சி. உனக்குத் தெரியாதா?"

"ஒரு பெட்டிக்கு வைப்பீங்க. அந்தப் பெட்டிய உள்பக்கமா திருப்பி வெக்கச் சொல்லி நானும் கண்டுக்க மாட்டேன். இன்னிக்கு என்னா வந்துச்சு?"

"மருந்து இல்லையா. அதுவும் நம்ம நவோமிக்குப் போவுது. வெள்ளிக்கிழம வேற." ராமசாமி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததையெல்லாம் வெறும் நெத்தியா அனுப்ப மனசு வரல."

மூன்று வாரம். நூற்றுப் பதினேழு மின்னஞ்சல். ஐரோப்பாவோடு இரண்டு வீடியோ கூட்டம். மார்த்தாவுக்குத் தலையைக் கொண்டுபோய்க் குளிர் அறைக்குள் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவரைத் திட்டவும் முடியவில்லை. மூன்று வாரத்தில் அந்தப் பெட்டிகளைப் பற்றி உண்மையிலேயே யோசித்தவர் இவர் ஒருவர்தான்.

நோர்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஐரோப்பிய நாடு அமர்த்திய ஆய்வு நிறுவனத்தின் ஆள். பாவம், அவள் மேல் தப்பே இல்லை. தாளில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் சீல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேலை. துடைத்துப் பார்க்கலாமே அக்கா என்று மலாயில் சொல்லி ஈரத் துணியும் கொண்டுவந்தாள்.

மார்த்தா ஒரு பெட்டியைத் துடைத்தாள். குங்குமம் அட்டைக்குள் ஊறியிருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவி, உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாகி, யாரோ அடிபட்டுச் சாய்ந்த இடம் மாதிரி ஆயிற்று.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"மத்ததத் தொடாதீங்க," என்றாள் மார்த்தா.

புது அட்டைப்பெட்டி திங்கட்கிழமைக்கு முன் கிடைக்காது. பெட்டியை மாற்ற முடியாது. ஆகவே தாளைத்தான் மாற்ற வேண்டும். மணி பதினொன்று முப்பத்தைந்து. திருத்திய தாளுக்குச் சுங்கத்துறை முத்திரை வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கு அலுவலகம் மூடினால் மறுபடி இரண்டே முக்காலுக்குத்தான் திறக்கும்.

அதற்குள் மூன்று தரப்பையும் சம்மதிக்க வைக்க வேண்டும்.

*

ஐரோப்பிய நாட்டின் சார்பில் கோலாலம்பூரில் உட்கார்ந்திருப்பவர் ஜெயராஜ். ஈப்போக்காரர். மரியாதையான மனிதர், எதையும் எழுத்தில் கேட்பார். மார்த்தா அவரைத்தான் முதலில் அழைத்துச் சொன்னாள்.

"மேடம், அந்தச் சிவப்புப் பொட்டு யாரை ரெப்ரசண்ட் பண்ணுது?"

"ராமசாமியை."

"அவர் யாரு?"

"எங்க ஸ்டோர்கீப்பர்."

"ஏதாச்சும் இயக்கத்துல இருக்காரா?"

"டத்தோ கிராமாட்ல கோயில் அன்னதானக் குழுவுல இருக்காரு. சாம்பார் அவர் பொறுப்பு."

ஜெயராஜ் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "அப்போ இது ரிலிஜியஸ் சிம்பல் மேடம். நம்ம பாலிசியில பதினாலாவது பாரா. மதம், இனம், அரசியல், எந்த அடையாளமும் நிவாரணப் பொருள்ல இருக்கக் கூடாது."

"உங்க கொடிய மட்டும் ஒட்டலாம்."

"கொடி விசிபிலிட்டி மேடம், யார் குடுத்ததுன்னு தெரியணும்ல. அது இருவத்தொண்ணாவது பாரா."

மார்த்தா கண்ணை மூடித் திறந்தாள். "ஜெயராஜ், உங்க வீட்டுல யாரும் பொட்டு வெச்சதே இல்லையா?"

"நாங்க மெதடிஸ்ட் மேடம்."

"நான் கத்தோலிக். பெட்டி என்ன மதம்னு எனக்கும் தெரியல. நாலு மணிக்கு கேட் மூடிருவாங்க. நான் என்னா செய்யணும், அத சொல்லுங்க."

அந்தப் பொட்டுக்கு மதச் சம்பந்தம் எதுவும் இல்லை என்று ஏஜென்சி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதைச் செவ்வாய்க்கிழமை கமிட்டியில் வைப்பார்கள். சிவப்பு என்பதுதான் கொஞ்சம் சிக்கல், பச்சையாக இருந்திருந்தால் சுலபம். இவ்வளவையும் ஜெயராஜ் மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

மார்த்தா கிடங்கின் மேசையிலேயே உட்கார்ந்து கடிதத்தை அடிக்கத் தொடங்கினாள். ராமசாமி பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"சாமிக்குச் சம்பந்தம் இல்லன்னா எழுதுற?"

"ஆமா."

"எழுதாத தங்கச்சி. வெச்சது இந்தக் கை. பொய்யா எழுதி அனுப்பினா அந்த மருந்து எப்படி வேல செய்யும்?"

"மருந்து அதுபாட்டுக்கு வேல செய்யும்ணே. இங்க மனுசங்கதான் செய்ய மாட்டேங்குறாங்க."

என்றாலும் விரல் நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் தாளில் எத்தனையோ விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். இல்லாததை எழுதியதில்லை. எழுதினால் என்றாவது ஒரு நாள் யாராவது பெட்டியைத் தாளோடு ஒப்பிடுவார்கள்.

"சரி. எப்படி வெச்சீங்க, மொதல்லருந்து சொல்லுங்க."

"எப்படின்னா? காலையில ஆறரைக்கு ஆரம்பிச்சேன். பெட்டிய எடுப்பேன். சூடு பட்டா நிறம் மாறுமே, பெட்டியோட பக்கவாட்டு ஓட்டை வழியா தெரியுற அந்தச் சின்ன அட்டை, அதப் பாப்பேன். டேப் ஒட்டியிருக்கான்னு அமுக்கிப் பாப்பேன். வாரை இழுத்துப் பாப்பேன். எல்லாம் சரியா இருந்தா பொட்டு."

"சரியா இல்லாட்டி?"

"ஒம்பது பெட்டியில டேப் விட்டுருந்துச்சு. திருப்பி ஒட்டிட்டுத்தான் வெச்சேன். பாக்காம எப்படி வைக்கிறது?"

மார்த்தா எழுதியதை அழித்தாள். புதிதாக இரண்டே வரி அடித்தாள். 'மார்க்ஸ்: ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு பெட்டியில் மட்டும் கலைந்துள்ளது. பெட்டியைக் கிடங்குப் பொறுப்பாளர் கையால் சோதித்த பின் வைத்தது.'

ராமசாமி வாசித்தார். "இது சரி," என்றார். "இதுல பொய் இல்ல."

நோர்மா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இனி அதை மூன்று தரப்புக்கும் அனுப்ப வேண்டும். மார்த்தா மின்னஞ்சலின் தலைப்பில் 'தங்கள் அனுமதிக்காக' என்று அடித்தாள். கடந்த மூன்று வாரமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தாங்கள் மறுக்கலாம் என்பது நினைவுக்கு வந்தது.

அதை அழித்தாள். 'தங்கள் தகவலுக்காக. பதில் தேவையில்லை.'

ஒரு மணி ஐம்பதுக்கு அனுப்பினாள்.

*

இரண்டே காலுக்கு இராணுவத்தின் துறைமுக அதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'ஐரோப்பியர்கள் இதற்கு ஒப்புதல் அளித்துவிட்டார்களா?'

'இல்லை' என்று பதில் போட்டாள். அதற்கு மேல் அங்கிருந்து சத்தமில்லை.

இரண்டரைக்கு நவோமி கூப்பிட்டாள். பின்னால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"அக்கா, இங்க குழுவோட சுகாதாரப் பொறுப்பாளர் என் பக்கத்துலதான் நிக்கிறாரு. பொட்டுக்கு ஆர்மி ஒத்துக்கிச்சான்னு கேக்குறாரு. ஒத்துக்கிட்டிருந்தா இவங்க வேணாம்னு சொல்லணுமாம்."

"ஆர்மி ஒத்துக்கல. ஐரோப்பாக்காரங்களும் ஒத்துக்கல. நான் யாரையும் கேக்கவே இல்லன்னு சொல்லு."

நவோமி அந்த மொழியில் ஏதோ பேசினாள். ஓர் ஆண் குரல் முனகியது.

"அப்ப சரிங்கறாரு."

"என்னா சரி?"

"யாரும் ஒத்துக்கலன்னா இவருக்கு ஆட்சேபணை இல்லையாம். நீ போனை வெச்சிட்டு வேலய பாருக்கா."

ஜெயராஜ் ஆறு தடவை அழைத்திருந்தார். பிறகு ஒரு குறுஞ்செய்தி. 'மேடம், இது தகவலா, அனுமதியா?'

'தகவல்.'

'அப்போ நான் பதில் போட வேண்டியதில்லையே?'

'இல்லை.'

'மிக்க நன்றி மேடம்.' கீழே கைகூப்பும் படம் ஒன்று. அவர் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அதில் தெரிந்தது.

இரண்டு ஐம்பதுக்கு மார்த்தா சுங்கத்துறைக் கண்ணாடிச் சன்னலின் முன் நின்றாள். அதிகாரி ஹாஃபிஸ் தொழுகை முடிந்து அப்போதுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். திருத்திய தாளை மேலிருந்து கீழே படித்தார்.

"ஒரு சிவப்புப் புள்ளி," என்றார் மலாயில். "அவ்வளவுதானா, அக்கா?"

"அவ்வளவுதான்."

"கலைஞ்ச பெட்டி எத்தனாவது நம்பர்? அதையும் எழுதிடுங்க. அங்க யாராவது கேப்பாங்க."

எழுதினாள். முத்திரை விழுந்தது. மூன்று வாரத்தில் உருப்படியாக யாரோ கேட்ட முதல் கேள்வி அது என்று அவருக்குச் சொல்ல நினைத்தாள். வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் சொல்லவில்லை.

மூன்று நாற்பத்தொன்றுக்கு லோரி துறைமுகக் கதவைத் தாண்டியது. ராமசாமி லோரியின் பின்கதவைப் பார்த்துக் கும்பிட்டார். மார்த்தா பார்க்காதது போல இருந்தாள். பிறகு அவளும் ஒரு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள்.

*

வியாழன் வந்தது. செய்தி இல்லை. வெள்ளியும் போயிற்று. மெய்லோனில் போன் வேலை செய்யவில்லை. மார்த்தா கேட்கக் கூடியவர்களையெல்லாம் கேட்டாள். சரக்கு தங்கள் பொறுப்பைத் தாண்டிவிட்டது என்று மூவரும் எழுத்தில் உறுதி செய்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆயர் ஈத்தாம் பசாரில் மீன்காரனிடம் நின்றுகொண்டிருந்தபோது குரல் செய்தி வந்தது. வழியில் நிற்கிறாள் என்று யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். நகரவில்லை.

"அக்கா, நேத்து சாயங்காலம் வந்து சேந்துச்சு. நூத்தி அறுவத்தெட்டு பெட்டி. மத்தத துறைமுகத்துல ஆர்மிக்காரங்க சாம்பிள்னு சொல்லி வெச்சிக்கிட்டாங்க. கலைஞ்ச பொட்டு இருந்த பெட்டியத்தான் மொதல்ல எடுத்தாங்களாம், ரொம்ப சந்தேகமா இருந்துச்சாம். ஆத்துத் துறையில அஞ்சு நாட்டுச் சாமான் மழையில நனைஞ்சி கெடக்குதுக்கா. ஒவ்வொரு கொடிக்கும் ஒவ்வொரு சண்டை. நம்ம பெட்டி வந்தப்போ துப்பாக்கி வெச்சிருந்தவங்களுக்கு யாரைத் திட்டுறதுன்னே தெரியல. இது யாரோடதுன்னு கேட்டாங்க. ராமசாமி அண்ணனோடதுன்னு சொன்னேன். யாரோ பெரிய ஆளுன்னு நெனச்சிட்டாங்க போல, விட்டுட்டாங்க."

செய்தி அங்கே அறுந்தது. மார்த்தா அடுத்ததைத் தொட்டாள். கை மீன் ஈரத்தில் வழுக்கியது.

"பிள்ளைங்க பதினோரு பேருக்கும் போட்டாச்சு. ஒருத்தி மட்டும் நேத்து விடியக்காலையில எங்கள ரொம்ப பயமுறுத்திட்டா. இப்போ ஒக்காந்து கஞ்சி குடிக்கிறா. உப்பு பத்தலன்னு என்னைத் திட்டுறா. வெக்கிறேன்."

மீன்காரன் என்ன வேண்டும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

*

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் மூன்று மின்னஞ்சல்கள் காத்திருந்தன.

முதலாவது ஜெயராஜ். சிவப்புப் புள்ளித் திட்டத்தின் வெற்றியில் ஐரோப்பியத் தலைமையகத்துக்கு மிகுந்த மகிழ்ச்சி. அடுத்த சரக்குக்கான பதினாறு பக்க வழிகாட்டி இணைப்பில் உள்ளது. இனிப் புள்ளி முப்பது மில்லிமீட்டர் விட்டத்தில், அச்சிட்டதாக, தங்கள் கொடியின் நீல நிறத்தில் இருக்க வேண்டும். முதல் புள்ளியைக் கர்னி டிரைவ் ஹோட்டல் ஒன்றில் செய்தியாளர்கள் முன்னிலையில் தூதரே ஒட்டுவார். கிடங்குப் பொறுப்பாளர் விரும்பினால் பின்வரிசையில் நிற்கலாம்.

இரண்டாவது இராணுவம். இனிமேல் எந்த நிறத்திலும் புள்ளிக்கு அனுமதி இல்லை.

மூன்றாவது ஆயுதக் குழுவின் சுகாதாரத் துறை. தங்கள் பகுதிக்கு வரும் பெட்டிகளில் இனி இரண்டு புள்ளி இருக்க வேண்டும்.

மூவரும் பொதுமக்களின் துயரம் பற்றி ஆழ்ந்த கவலை தெரிவித்திருந்தார்கள்.

மார்த்தா பதினாறு பக்கத்தையும் படித்தாள். படிக்காமல் திட்ட அவளுக்குப் பிடிக்காது. பிறகு மூவருக்கும் ஒரே பதிலை அனுப்பினாள். 'தகவலுக்கு நன்றி. பதில் தேவையில்லை.'

அனுப்பிவிட்டுக் கிடங்கைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அடுத்தது வெள்ளிக்கிழமைதான். இருநூத்தி நாப்பது பெட்டி. குங்குமம் இருக்கா?"

"டப்பா காலி தங்கச்சி. போனவாட்டியே கடைசியில சொரண்டித்தான் வெச்சேன்."

"ரெண்டு டப்பாவா வாங்கிருங்க. இன்னொரு விசயம்."

"சொல்லு."

"தண்ணி கொஞ்சம் கொறச்சிக் கொழைங்க. கலையக் கூடாது."